எத்தனை விழுக்காடு? கட்டக்கோரையின் வேதியியல் வரலாறு குறித்து ஒரு நெடும்பதிவு

சாணக்யபுரியில் சாந்திபத் சாலை வழியாகத்தான் நான் நாள்தோறும் தீன்மூர்த்தி வளாகத்து நூலகத்திற்கு நடந்து செல்கிறேன். பிரான்சு, பிரித்தானியா, நார்வே, சீனம், ஜப்பான், அமெரிக்கா என இருமருங்கும் தூதரகங்கள். சற்றுத் தள்ளி நியாய மார்க்கில் சுவீடனும் பிலிப்பைன்சும். கௌடில்ய மார்க்கில் நம் தமிழ்நாடு இல்லம். அறிவியல் கலைச்சொற்களின் வரலாற்றை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவன் நான். இவ்வாண்டு படித்துக்கொண்டிருப்பது கடற்பாசி வேதியியலின் சொற்களை. ஆகவே கொஞ்ச நாட்களாக இந்தக் கொடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு வரிசை தோன்றுகிறது. பாசிச் சாம்பலில் அயோடினைக் கண்ட நாடு இது. பாசியின் பிசினுக்குப் பெயரிட்ட நாடு அது. அப்பிசினின் எழுத்துவரிசையைப் படித்த நாடு மற்றொன்று. அதைக் கடலில் பயிராக்கிய நாடு இன்னொன்று. இவ்வரிசையில் தமிழ்நாடு இல்லத்திற்கு என்ன இடம் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே இப்பதிவு.

முதலில் பெயர்கள். மொழியியல் படித்தவனுக்கு அங்கேதான் கால் நிற்கும்.

மன்னார் வளைகுடாக் கரையில் பாசி எடுப்போர் வழங்கும் பெயர்கள் அழகானவை. அகர் தரும் செம்பாசிகளில் ஒன்று மரிக்கொழுந்துப் பாசி. இலையமைப்பைக் கொண்டு வந்த பெயர். மற்றொன்று கஞ்சிப்பாசி, அதைக் காய்ச்சிக் கஞ்சியாக்கிக் குடித்த வழக்கத்தால் வந்தது. பழுப்புப் பாசிகளில் டர்பினேரியாவுக்குப் பக்கோடாப் பாசி என்று பெயர். ஒருமுறை பார்த்தவர் இந்தப் பெயரை மறக்கமாட்டார். சர்காசத்திற்குப் பெயர் கட்டக்கோரை. பாசி என்ற சொல்லே இல்லாமல், குளக்கரையில் வளரும் கோரைப் புல்லின் பெயரைக் கடலுக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

இவற்றுள் கஞ்சிப்பாசி ஒன்றே, உள்ளே இருக்கும் பொருளைக் கொண்டு பெயர் பெற்றது. கொதிநீரில் கரைந்து, ஆறினால் இறுகும் அந்தக் கஞ்சித் தன்மைக்குக் காரணம் ஒரு பாலிசாக்கரைடு. சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நூற்றுக்கணக்கில் நீளும் சங்கிலி அது. மாவுப்பொருளும் பருத்தி நாரும்கூட அவ்வகைச் சங்கிலிகளே. சமையலறைக்காரர் அச்சங்கிலியின் இயல்பை அறிந்து பெயரிட்டது வேதியியலார் வருவதற்கு முன்னரே நடந்துவிட்டது.

வேதியியலார் வந்தது 1834இல். இதே இனக்குழுவைச் சேர்ந்த பாசி அன்று ‘இலங்கைப் பாசி’ என்ற பெயரில் வணிகச் சரக்காக இருந்தது. கல்கத்தாவில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் ஓஷானசி அதைப் பகுத்துப் பார்த்தார். இந்தியாவில் மின்தந்திக் கம்பி இழுத்தவராகப் பின்னாளில் பெயர் பெற்ற அதே மனிதர்தான். நூற்றில் 54.5 பங்கு ‘தாவரக் கூழ்’, 15 பங்கு மாவு என்று தொடங்கி நார், உப்புகள், கோந்து என அவர் பட்டியல் தருகிறார். நம் பகுதிப் பாசியொன்றின் பாலிசாக்கரைடைப் பகுத்து எண்ணில் எழுதிய மிகப் பழைய முயற்சிகளில் இது ஒன்று. ‘எத்தனை விழுக்காடு?’ என்ற கேள்வி இங்கே தொடங்குகிறது. அடுத்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு இந்தியாவில் அக்கேள்வி மாறவே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

கட்டக்கோரைக்கு வருவோம். இக்கரையில் மிகுதியாகக் கிடைக்கும் சர்காச இனத்தின் அறிவியல் பெயரில் ஒரு மனிதர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்து, தென்னிந்தியத் தாவரங்களைத் தொகுத்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் அனுப்பிய பாசிகளை எடின்பரோவில் கிரேவில் ஆராய்ந்து, 1840களின் இறுதியில் புதிய சர்காச இனங்களாக விவரித்தார். ‘சர்காசம் வைட்டியை’ என்ற பெயர் அவ்வாறு வந்தது. வைட்டின் நூல்களுக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் இருவரின் பெயர்களாவது படங்களின் ஓரத்தில் தங்கின. கடலில் இறங்கிப் பாசியைப் பறித்த கை யாருடையது என்பதற்கு அவ்வளவுகூட இல்லை. இந்த இடைவெளியைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

அதே எடின்பரோவுக்கு மேற்கே, ஸ்காட்லாந்தின் தீவுகளில், பழுப்புப் பாசியை எரித்துச் சாம்பலாக்குவது ஏழைக் குடியானவர்களின் தொழிலாக இருந்தது. ‘கெல்ப்’ என்ற சொல் அந்நாளில் பெரும்பாலும் அந்தச் சாம்பலையே குறித்தது. சாம்பலிலிருந்து கிடைத்த சோடா உப்பு கண்ணாடிக்கும் சவர்க்காரத்திற்கும் போனது. 1811இல் பிரான்சில் கூர்த்துவா பாசிச் சாம்பல் கரைசலில் ஊதா ஆவியைக் கண்டார். அயோடின் என்ற தனிமம் உலகுக்குத் தெரிந்தது. ஆனால் சாம்பலாக்கும் முறையில் பாசியின் உடல் முழுவதும் புகையாய்ப் போய்விடுகிறதே என்று வருந்தியவர் ஆங்கில வேதியியலார் ஸ்டான்ஃபோர்டு. எரிக்காமல், சோடா கரைசலில் ஊறவைத்துப் பார்த்தார். பாசி கரைந்து கொழகொழவென்ற பாகாயிற்று. 1881இல் காப்புரிமை பெற்றார். 1883இல் அப்பொருளுக்கு ‘அல்ஜின்’ என்று பெயரிட்டு விரிவாக எழுதினார். பாசியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான ‘ஆல்கா’விலிருந்து பிறந்த பெயர்.

ஸ்டான்ஃபோர்டு ஒரு பிழை செய்தார். தம் பொருளில் நைட்ரஜன் உண்டு என்று நம்பினார். அதாவது அதைப் புரதத்தின் பக்கத்து வீட்டில் வைத்தார். 1896இல் நார்வேயின் கிரெஃப்டிங் நைட்ரஜன் அற்ற தூய அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதற்குத் தம் மொழியின் பாசிச் சொல்லால் ‘தாங்’ அமிலம் என்று பெயரிட்டார். சொல்லில் வென்றது ஸ்டான்ஃபோர்டு. பொருளில் வென்றது கிரெஃப்டிங். கலைச்சொல் வரலாற்றில் இது அரிதன்று. தவறான புரிதலோடு வைத்த பெயர் சரியான புரிதல் வந்த பிறகும் நிலைத்துவிடும்.

அடுத்த கட்டங்களை விரைந்து கடக்கலாம். 1930இல் அமெரிக்காவின் நெல்சனும் கிரெட்சரும் இச்சங்கிலியின் கண்ணி மானுரானிக் அமிலம் என்று காட்டினர். அத்தோடு முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தனர். 1955இல் ஜெர்மனியின் ஃபிஷரும் டோர்ஃபெலும் தாள் நிறப்பிரிகை முறையால் இரண்டாவது கண்ணி ஒன்றும் உண்டு என்று கண்டனர்: குலுரானிக் அமிலம். இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம். ஒரே ஒரு கார்பன் அணுவில் கைகள் இடம் மாறி நிற்கின்றன, அவ்வளவே. எளிமைக்காக முதலதை ‘மா’ என்றும் இரண்டாவதைக் ‘கு’ என்றும் வைத்துக்கொள்கிறேன்.

இனி வருவதுதான் என்னை இத்துறைக்குள் இழுத்தது.

இரண்டு கண்ணிகள் உண்டு என்றால் அவை எந்த ஒழுங்கில் வருகின்றன? மாறி மாறியா, கூட்டங் கூட்டமாகவா, ஒழுங்கே இல்லாமலா? 1960களில் நார்வேயின் திரோன்ட்ஹைம் நகரில் ஆர்னே ஹேகும் அவருடைய உடனாய்வாளர்கள் லார்சன், ஸ்மித்ஸ்ரோடு ஆகியோரும் இக்கேள்வியை எழுப்பினர். அமிலத்தால் சங்கிலியை ஓரளவு மட்டும் அறுத்து, எஞ்சிய துண்டுகளைப் பிரித்துப் பார்த்தனர். சில துண்டுகள் மா மட்டும். சில கு மட்டும். சில இரண்டும் கலந்தவை. ஆக அல்ஜினேட் என்பது தொகுதி தொகுதியாக அமைந்த சங்கிலி. பின்னர், 1970களின் இறுதியிலிருந்து, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் சங்கிலியைப் பெரிதும் சிதைக்காமலேயே அடுத்தடுத்த இரு கண்ணிகளின் சேர்க்கைகளை எண்ண முடிந்தது. அச்சேர்க்கைகள் நான்கு: மா-மா, கு-மா, கு-கு, மா-கு.

யாப்பிலக்கணம் படித்தவர்கள் இந்நேரம் புன்னகைத்திருப்பார்கள். மாவை நேர் என்றும் குவை நிரை என்றும் கொண்டால் இவை தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். ஈரசைச் சீர்கள் நான்கே நான்கு. அவற்றின் வரவை எண்ணுவதே அல்ஜினேட்டின் நவீனப் பகுப்பாய்வு. மூவசைச் சீர்களையும் எண்ணுகிறார்கள். தொகுதிகள் எவ்வளவு நீளம் என்று அறிய அது வேண்டும். ஒரு பாடலில் நேரசை எத்தனை, நிரையசை எத்தனை என்று மட்டும் எண்ணிச் சொன்னால் அது வெண்பாவா ஆசிரியப்பாவா என்று யாரும் சொல்ல முடியாது. மா-கு விகிதத்தை மட்டும் தரும் ஆய்வறிக்கையும் அப்படித்தான். விழுக்காட்டை மட்டும் தரும் அறிக்கையோ, பாடலில் எழுத்துகள் எத்தனை என்று சொல்வதோடு சரி.

ஒழுங்கு ஏன் முக்கியம்? கு-கண்ணிகள் தொடர்ந்து வரும் இடத்தில் சங்கிலி வளைந்து வளைந்து குழிகளை உண்டாக்குகிறது. கால்சியம் அயனி அக்குழிகளில் வந்து அமர்ந்து, எதிரே உள்ள மற்றொரு சங்கிலியையும் பிடித்துக்கொள்கிறது. 1973இல் கிராண்ட், மாரிஸ், ரீஸ் முதலானோர் இதை முட்டை அட்டையோடு ஒப்பிட்டனர். இரு அட்டைகளுக்கு நடுவே முட்டைகள் அமர்ந்திருப்பதுபோல. கருவிளங்கள் தொடர்ந்து வந்தால் கெட்டியான, உடையும் கூழ். தேமாக்கள் தொடர்ந்தால் இளகிய, நெகிழும் கூழ். பல்லின் அச்செடுக்கும் பசை, ஐஸ்கிரீம், காயத்துக்குக் கட்டும் துணி, துணி அச்சிடும் சாயப்பாகு ஆகிய ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு ஒழுங்கு வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. பாசி முதலில் சங்கிலி முழுவதையும் மாவாகவே கட்டுகிறது. கட்டி முடித்த பின்னர் ஒரு நொதி வந்து, சங்கிலியில் இருந்தவாறே சில மாக்களைக் குவாக மாற்றுகிறது. 1969இல் ஹேகும் லார்சனும் இந்நொதியை முதலில் ஒரு மண்வாழ் பாக்டீரியாவில் கண்டனர். சொற்கள் சேர்ந்த பின் எழுத்து மாறுவதை நம் இலக்கணம் புணர்ச்சி என்கிறது. பொன் முன் குடம் வந்தால் பொற்குடம். தொல்காப்பியம் மெய்பிறிதாதல் என்று குறிக்கும் திரிபு இதுவே. (ஒப்புமையை இதற்கு மேல் நீட்டினால் என் நெறியாளர் சிவப்பு மை எடுப்பார்.)

இந்த மாற்றம் எங்கு, எவ்வளவு நடக்கிறது என்பது பாசியின் வயதையும் உறுப்பையும் கடலையும் பொறுத்தது. நார்வேக் கரையில் அலையடிக்கும் பாறையில் வளரும் கெல்ப்பின் தண்டில் கு மிகுதி. தண்டு விறைப்பாக நிற்க வேண்டும். அதே செடியின் இலையில் அது குறைவு. அலையோடு வளைந்தாட வேண்டும். ஒரே செடி, இரண்டு யாப்பு. எனவே ஒரு பாசியின் அல்ஜினேட் இன்ன தன்மையது என்று சொல்ல வேண்டுமானால், எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த வயதில், எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

இப்போது மண்டபம்.

இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்துவைத்து நோய் பார்த்தனுப்பிய இடம் மண்டபம் முகாம். 1947இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் விரைவில் அங்கே நிலைகொண்டது. பாசி மீதான அரசின் ஆர்வம் அதற்குச் சற்று முன்பே, போர்க்காலத்தில் எழுந்திருந்தது. ஜப்பானிலிருந்து வந்த அகர் நின்றுபோனதால், நுண்ணுயிர் வளர்க்கும் ஆய்வுக்கூடங்கள் திண்டாடின. 1943இல், அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சிக் கழகத்தின் புதிய ஆய்விதழில், இந்தியாவிலேயே அகர் செய்வது குறித்து போஸ், கரீமுல்லா, சித்திக் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது.

விடுதலைக்குப் பின் கேள்வி பழுப்புப் பாசிகளுக்கும் விரிந்தது. 1955இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வால்சன் மன்னார் வளைகுடாவின் பொதுவான பாசிகளில் அல்ஜினிக் அமிலத்தின் அளவைப் பட்டியலிட்டார். அடுத்த ஆண்டுகளில் கிருஷ்ண பிள்ளை இந்தியப் பாசிகளின் வேதியியலைத் தொடர் கட்டுரைகளாக எழுதினார். முறை எளியது, இன்றும் மாணவர்கள் செய்வது. உலர்ந்த பாசியை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் அதிலுள்ள கால்சியம் நீங்கும். பிறகு சோடியம் கார்பனேட்டில் கரைத்தால் பாகு வரும். துணியில் வடிகட்டி, மீண்டும் அமிலத்தையோ கால்சியம் குளோரைடையோ சேர்த்தால் அல்ஜின் திரிந்து வீழும். கழுவி, உலர்த்தி, எடை போட வேண்டும். நம் பழுப்புப் பாசிகளில் அது பொதுவாக உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும்.

வால்சனின் கட்டுரையும் குலுரானிக் அமிலத்தின் கண்டுபிடிப்பும் ஒரே ஆண்டில் வந்தவை. இங்கே தராசு, அங்கே நிறப்பிரிகைத் தாள். இதை நம்மவரின் குறையாக நான் சொல்லவில்லை. தராசுக் கேள்வி அன்றைய இந்தியாவுக்கு வேண்டிய கேள்வி. 1966 முதல் தமிழகக் கரையில் பாசி எடுப்பது வணிகமாயிற்று. மதுரை, மானாமதுரைப் பக்கம் அகர், அல்ஜின் செய்யும் சிறு ஆலைகள் எழுந்தன. 1956இல் சந்தைக்கு வந்த வினைபுரி சாயங்களைப் பருத்தித் துணியில் அச்சிட அல்ஜினேட் பாகே ஏற்றது. மாவுப் பாகு சாயத்தோடு தானும் வினைபுரிந்து கெடுத்துவிடும். துணி ஆலைகளுக்கு வேண்டியது பாகு. பாகு வேண்டுமானால் பாசி வேண்டும். எந்தப் பாசியில் எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

ஆனால் மண்டபத்திலேயே ஒருவர் கேள்வியைச் சற்று நகர்த்தினார். உமாமகேசுவர ராவ், கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் மாதந்தோறும் எப்படி வளர்கின்றன, அவற்றில் அல்ஜினிக் அமிலமும் மானிட்டாலும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று தொடர்ந்து அளந்தார். அக்கட்டுரை 1969இல் பன்னாட்டுக் கடற்பாசி மாநாட்டின் தொகுப்பில் வெளிவந்தது. ஒரு பாசிக்கு ஒரே விழுக்காடு என்பது இல்லை; ஆண்டு முழுவதும் ஓடும் வளைகோடு ஒன்றே உண்டு என்பது அதிலிருந்து தெளிவாகிறது. பின்வந்த எத்தனையோ கட்டுரைகளில் இந்த ஒழுக்கத்தைக் காண முடிவதில்லை. ‘மண்டபம் கடற்கரையில் சேகரிக்கப்பட்டது’ என்ற ஒரு வரியோடு மாதிரி ஆய்வுக்கூடத்திற்குள் நுழைந்துவிடுகிறது. அலையில் ஒதுங்கியதா, பறித்ததா? இளசா, முற்றியதா? எத்தனை நாள் மணலில் காய்ந்தது? வெயிலிலும் கிடங்கிலும் கிடக்கக் கிடக்கச் சங்கிலி அறுந்து பாகுத்தன்மை குறையும் என்பதால் கடைசிக் கேள்வியும் சிறிதன்று.

முதுகலையில் களப்பணிக்குப் போனபோது நானும் இதே பிழையைச் செய்தேன். ஒரு நாள் முழுவதும் பதிவுசெய்த பேச்சு. பேசியவரின் ஊரையும் வயதையும் ஏட்டில் குறிக்க மறந்துவிட்டேன். ஒலி தெளிவாக இருந்தது. ஒலியன்களைப் பிரித்து அழகான அட்டவணையும் போட்டேன். அது யாருடைய தமிழ் என்று சொல்ல என்னால் இயலவில்லை. அட்டவணை இன்னும் என் கணினியில் இருக்கிறது, எதற்கும் பயன்படாமல்.

இதனால்தான் ‘வளர்க்கப்பட்ட’ என்ற அடைமொழி வேதியியலில் முக்கியமாகிறது. வளர்ப்புப் பாசிக்கு நாள்குறிப்பு உண்டு. எந்தத் தாய்ச்செடி, எந்த நாள் கயிற்றில் கட்டியது, எத்தனை அடி ஆழம், எத்தனையாவது நாள் அறுவடை என்பதெல்லாம் ஏட்டில் இருக்கும். இரண்டு மாதிரிகளின் அல்ஜினேட் வேறுபட்டால், வேறுபாட்டின் காரணத்தைத் தேட முடியும்.

சீனத் தூதரகத்தின் நீண்ட மதிலைக் கடக்கும்போது எனக்கு நினைவுக்கு வருபவர் சி. கே. செங். 1940களில் அமெரிக்காவில் இருந்தபோது பாசிகளின் பாலிசாக்கரைடுகளைக் குறிக்க ‘ஃபைகோகொலாய்டு’, அதாவது பாசிக்கூழ்மம், என்ற கலைச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் அவர். 1946இல் தாயகம் திரும்பி, சிங்தாவ் நகரில் கெல்ப் வளர்ப்பு ஆய்வுக்குத் தலைமை ஏற்றார். இத்தனைக்கும் அந்தக் கெல்ப் சீனக் கடலுக்கு உரியதன்று. 1920களில் ஜப்பானியத் தொடர்பால் தாலியன் துறைமுகத்தில் வந்து ஒட்டியது. கோடையில் குளிர்நீரில் நாற்று வளர்த்து, இலையுதிர்காலத்தில் கயிற்றில் கட்டிக் கடலில் விடும் முறையை 1950களில் வகுத்தனர். உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்குப்படி 1950இல் உலகில் வளர்ப்பின் வழிக் கிடைத்த பழுப்புப் பாசி வெறும் 13 ஆயிரம் டன். 2019இல் ஏறக்குறைய 1.64 கோடி டன். அதன் பெரும்பகுதி சீனத்தில் விளைந்தது. சொல்லை ஆக்கியவரே வயலையும் ஆக்கினார் என்பது கலைச்சொல் ஆய்வாளனுக்குப் பொறாமை தரும் செய்தி.

நம் கரையில் வளர்ப்பு வந்தது வேறு வழியில். பாவ்நகரில் 1954இல் தொடங்கப்பட்ட மத்திய உப்பு, கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்திலும் பாசி ஆய்வு நிலையம் உண்டு. அதன் முயற்சியால் 1990களில் காப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுச் செம்பாசி மண்டபத்தில் பயிராயிற்று. இப்பெயரைப் பிரித்துப் பாருங்கள். காராஜீனன் என்னும் பாலிசாக்கரைடின் ஒரு வகைக்குக் கிரேக்க எழுத்தால் ‘காப்பா’ என்று பெயர். அந்த வேதிப்பெயரையே பேரினத்தின் பெயராக்கி 1988இல் டோட்டி வைத்தார். நம் கஞ்சிப்பாசியைப் போலவே இதுவும் உள்ளிருக்கும் கூழால் பெயர் பெற்ற பாசி. 2000ஆம் ஆண்டையொட்டி பெப்சி நிறுவனம் இதன் ஒப்பந்த வளர்ப்பில் இறங்கியது. கரையோர மக்கள் அறிவியல் பெயருக்குக் காத்திருக்கவில்லை. ‘பெப்சிப் பாசி’ என்று அழைத்தனர். மூன்று மீட்டர் சதுர மூங்கில் தெப்பம், அதில் கட்டிய துண்டுகள், 45 நாளில் அறுவடை. 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் இது படர்வதாக ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் செய்தி வந்தது. வாதம் இன்றும் ஓயவில்லை.

கட்டக்கோரை ஏன் அப்படிப் பயிராகவில்லை? முதற்காரணம் எளியது. காப்பாபைகஸின் ஒரு துண்டை ஒடித்துக் கட்டினால் வளரும், கரும்புக் கரணைபோல. சர்காசத்தைப் பெருமளவில் பயிரிட வேண்டுமானால் ஆண்-பெண் அணுக்கள் கூடிப் பிறக்கும் நாற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்துக் கயிற்றில் ஏற்ற வேண்டும். அதற்குச் செலவும் காலமும் ஆகும். இரண்டாம் காரணம் விலை. உலகில் ஆயப்பட்ட பல சர்காச இனங்களின் அல்ஜினேட்டில் கு மிகுதி, ஆனால் பாகுத்தன்மை குறைவு. துணிக்கும் உணவுக்கும் பாகுத்தன்மையைப் பார்த்து விலை தரும் சந்தையில் அது கீழே நிற்கும். தானாய் விளைந்து கிடப்பதை மலிவாக வாங்க முடியும்போது யார் நாற்றுக்கூடம் கட்டுவார்?

இங்கே ஒரு விந்தை. பழுப்புப் பாசியில் அல்ஜின் மட்டும் இல்லை. 1913இல் சுவீடனின் கைலின் ‘ஃபூகாய்டின்’ என்று விவரித்த, கந்தகம் ஏறிய இன்னொரு பாலிசாக்கரைடும் உண்டு. இன்று ஃபூகாய்டான் என்பர். மருந்தாய்வுலகம் இன்று தேடுவது இதைத்தான். அல்ஜின் எடுக்கும்போது முதலில் அமிலத்தில் ஊறவைத்து வடித்துக் கொட்டும் நீரிலேதான் இதன் பெரும்பகுதி போய்விடும். பல பத்தாண்டுகளாக ஆலைச் சாக்கடையில் ஓடியது இன்று கிராம் கணக்கில் விற்கிறது. இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் இதன் அமைப்பு அல்ஜினைவிடவும் மாறுபடும். ஆகவே எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற கேள்வி இங்கு இன்னும் கூர்மையாகிறது.

அதற்கு விடை தெரிந்தவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கிய பெண்கள் அத்துமீறுவோர் ஆயினர். அவர்கள் தாங்களே ஒழுங்கு வகுத்துக்கொண்டனர்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, இரும்புச் சுரண்டியை விட்டுவிட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு கையால் பறிப்பது. அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி அமைப்பின் பரிசு கிடைத்தது. சுரண்டாமல் பறித்தால் அடிப்பற்று பாறையில் தங்கும், மீண்டும் தழைக்கும். நாற்றுக்கூடம் இல்லாத பயிர் மேலாண்மை என்று இதைச் சொன்னால் வேதியியலார் மறுப்பார்களா, தெரியவில்லை. நான் அப்படித்தான் சொல்வேன்.

எந்தப் பாறையில் எந்த மாதம் கட்டக்கோரை இளசு, எப்போது முற்றும், எது வெயிலில் கறுக்கும், எது பழுப்பாய் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் சரக்கு கிலோக் கணக்கில் கைமாறி, மூட்டையில் ஒன்றாய்க் கலந்து ஆலைக்குப் போகிறது. அந்த அறிவு மூட்டையின் வாயிலேயே நின்றுவிடுகிறது. அதே மூட்டையிலிருந்து ஒரு பிடி ஆய்வுக்கூடத்துக்கும் போய், ‘மண்டபம் கடற்கரை’ என்ற ஒற்றை வரியாகிறது. வைட்டின் காலத்தில் விடுபட்ட கை இன்றும் விடுபடுகிறது. அன்று அதனால் இழந்தது ஒரு பெயர், இன்று இழப்பது தரவு.

ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம். அங்கே நாற்றுக்கூடமும் ஆய்வுக்கூடமும் வரும்போது, பழுப்புப் பாசிக்கும் ஒரு வயல் அமையலாம். அமைந்தால் அதன் முதல் பதிவேட்டில் என்னென்ன பத்திகள் இருக்க வேண்டும் என்பதை இப்போதே பேசலாம். என் பங்குக்கு ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன்: பாறையின் உள்ளூர்ப் பெயர், தமிழ் மாதம், நிலவின் நாள், நீர் இடுப்பளவா கழுத்தளவா, இளசா முற்றியதா (எடுத்தவர் சொல்லும் சொல்லிலேயே), காய்ந்த நாட்கள், எடுத்தவர் பெயர். விழுக்காடு கடைசிப் பத்தி.

ராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டக்கோரையின் பருவங்களைக் குறிக்க உங்கள் ஊரில் வழங்கும் சொற்கள் இருந்தால், யார் சொல்லக் கேட்டது, எந்த ஊர், அவருக்கு ஏறத்தாழ என்ன வயது என்பவற்றோடு கீழே எழுதுங்கள். இம்முறை ஏட்டில் குறித்துக்கொள்கிறேன்.